தன்பாலீர்ப்புப் படங்கள்: புதிதாகப் பார்க்க வருகிறவருக்கு

இரண்டு ஆண்கள் தோளில் கைபோட்டுப் பாட்டுப் பாடினால் அது தன்பாலீர்ப்புப் படம் ஆகிவிடாது. அப்படிப் பார்த்தால் 'தளபதி'யில் ரஜினியும் மம்மூட்டியும் ஆடும் 'காட்டுக்குயிலு' பாட்டிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டியிருக்கும். நண்பனுக்காக உயிரைக் கொடுக்கும் ஆண்கள் நம் சினிமாவுக்குப் புதிதில்லை. அதைப் பார்த்து தர்மபுரியில் யாரும் முகம் சுளித்ததும் இல்லை. ஒரு ஆணுக்கு இன்னொரு ஆண் மீதோ, ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் மீதோ வரும் காதலும் ஆசையும் கதையின் அச்சாக இருக்க வேண்டும். அந்த ஆசையைச் சுமக்கிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து படம் உலகத்தைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அதைத்தான் இந்தக் கட்டுரையில் தன்பாலீர்ப்புப் படம் என்கிறேன்.

'பக்கத்தில் உட்கார்ந்து' என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. தமிழ்ப் படங்களில் இப்படிப்பட்ட ஆட்கள் எப்போதும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் இடுப்பை ஆட்டி நடந்து வருவார், ஹீரோவின் கன்னத்தைத் தடவுவார், ஹீரோ பதறி ஓடுவார், தியேட்டர் சிரிக்கும். அரை நிமிடம், அவ்வளவுதான். இல்லையென்றால் வில்லனை இன்னும் பயங்கரமாகக் காட்ட அந்தச் சாயத்தைக் கொஞ்சம் பூசுவார்கள். 2006இல் வந்த 'வேட்டையாடு விளையாடு' அப்படி ஒன்று. 2010இல் வந்த 'கோவா' பரவாயில்லை. கேலி இருந்தாலும், சம்பத் நடித்த பாத்திரத்துக்கு ஒரு காதலன் இருந்தான், சண்டை, பொறாமை, சமாதானம் எல்லாம் இருந்தது. ஒரு ஜோடியை ஜோடியாகவே நடத்திய படம்.

இன்னொரு குழப்பத்தையும் இப்போதே தீர்த்துக்கொள்வோம். திருநங்கை, திருநம்பி பற்றிய படங்கள் வேறு. 'நான் ஆணா, பெண்ணா' என்பது ஒரு கேள்வி. 'எனக்கு யார் மீது ஈர்ப்பு' என்பது வேறொரு கேள்வி. 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் விஜய் சேதுபதி நடித்த ஷில்பா ஒரு திருநங்கை. அது முதல் கேள்வியைச் சேர்ந்த கதை. 'காதல் தி கோர்' படத்தில் மம்மூட்டி நடித்த மேத்யூ தன்னை ஆணாகவே உணர்கிறவர், அவருடைய ஈர்ப்பு ஆண் மீது, அது இரண்டாவது. எங்கள் பக்கத்தில் திருநங்கைகளைத் திருவிழாவிலும் கடைத்தெருவிலும் பார்க்காதவர்கள் இல்லை. அதனாலேயே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் அதிகம். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிற ஒருவரும் தன்பாலீர்ப்பாளராக இருக்கலாம் என்பது பலருக்கு நம்பவே முடியாத சேதி.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இந்தப் படங்களெல்லாம் நெட்ஃபிளிக்ஸ் வந்த பிறகு முளைத்தவை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலான சங்கதி இது. 1919இல், சினிமா இன்னும் பேசவே ஆரம்பிக்காத காலத்தில், ஜெர்மனியில் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் 'அண்டர்ஸ் ஆல்ஸ் டி ஆண்டர்ன்' என்ற படத்தை எடுத்தார். ஒரு வயலின் கலைஞர், அவரிடம் கற்றுக்கொள்ள வரும் இளைஞன், இருவரின் நெருக்கத்தைத் தெரிந்துகொண்டு பணம் பறிக்கும் ஒரு மிரட்டல்காரன். கலைஞர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். ஒரு கட்டத்தில் முடியாது என்கிறார். அப்புறம் வழக்கு, தண்டனை, அவமானம், தற்கொலை. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஆணுக்கும் ஆணுக்குமான உறவைக் குற்றமாக வைத்திருந்தது. அந்தப் பிரிவை எடுக்கச் சொல்லி வாதாடுவதற்காகவே எடுக்கப்பட்ட படம் இது. மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் கதையை எழுதுவதில் பங்கெடுத்ததோடு, திரையிலும் மருத்துவராகவே தோன்றி விளக்கம் சொல்வார். மறு வருடமே தடை வந்தது. 1933இல் நாஜிகள் ஹிர்ஷ்ஃபெல்டின் ஆய்வு நிலையத்தைச் சூறையாடி, அங்கிருந்த புத்தகங்களைக் கொளுத்தினார்கள். இன்று கிடைப்பது படத்தின் ஒரு பகுதிதான். 175ஆம் பிரிவு முழுதாக ஒழிய 1994 ஆகிவிட்டது.

இப்போது 1961க்குத் தாவினால் இங்கிலாந்தில் 'விக்டிம்'. டர்க் போகார்ட் நடிக்கும் பெயர்பெற்ற வக்கீல், ஒரு புகைப்படம், மறுபடியும் மிரட்டல். நாடு வேறு, நாற்பது வருடம் தள்ளி, கதை மட்டும் ஏன் அதே? ஒரு உறவைக் குற்றம் என்று சட்டம் சொல்லிவிட்டால் மிரட்டுகிறவனுக்கு அதுவே முதல். காசைப் பறிகொடுத்தவன் போலீசுக்குப் போனால் முதலில் உள்ளே போவது அவன்தான். இந்தப் படங்களில் மிரட்டலும் திருட்டுப் புகைப்படமும் திரும்பத் திரும்ப வருவதற்கு இயக்குநர்களின் கற்பனைப் பஞ்சத்தைக் குறை சொல்ல வேண்டாம். சட்டப் புத்தகம் எழுதிக்கொடுத்த திரைக்கதை அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967இல் சட்டம் தளர்ந்தது. அவர்கள் நமக்கு எழுதிவைத்துவிட்டுப் போன 1860ஆம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு மட்டும் நம்மிடம் அப்படியே கிடந்தது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தளர்த்தியது, 2013இல் உச்ச நீதிமன்றம் மறுபடி இறுக்கியது, 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. இந்த வருடங்களை மனதில் வைத்துக்கொண்டு இந்தியப் படங்களைப் பார்த்தால், ஒரு படத்தில் இருக்கும் பயம் இன்னொன்றில் ஏன் இல்லை என்பது தானாகப் பிடிபடும்.

அமெரிக்காவில் போலீஸ் வேலையை ஸ்டூடியோக்களே எடுத்துக்கொண்டன. 1930இல் ஹேஸ் விதிகள் என்று ஒரு பட்டியல் போட்டு, 1934 முதல் கறாராக நடத்தினார்கள். 1968 வரை இழுத்தது. தன்பாலீர்ப்பைத் திரையில் சுட்டிக்காட்டவே கூடாது. இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு நாடகத்தின் கதி போதும். லிலியன் ஹெல்மன் 1934இல் எழுதிய 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்': பெண்கள் பள்ளி நடத்தும் இரண்டு தோழிகள் மீது, ஒரு சிறுமி பழி சொல்கிறாள், இருவருக்கும் இடையில் காதல் என்று. வில்லியம் வைலர் 1936இல் அதைப் படமாக்கியபோது பழியையே மாற்றிவிட்டார். தோழியின் வருங்காலக் கணவனோடு இன்னொருத்திக்குத் தொடர்பு என்று ஆக்கி, தலைப்பையும் 'தீஸ் த்ரீ' என்று மாற்றினார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து, 1961இல் அதே வைலர் அதே கதையை, இந்த முறை மாற்றாமல், ஆட்ரி ஹெப்பர்னையும் ஷெர்லி மக்லெய்னையும் வைத்து மறுபடி எடுத்தார். மக்லெய்னின் பாத்திரம் தன் மனதில் அந்தக் காதல் உண்மையிலேயே இருப்பதை உடைந்து அழுதபடி ஒப்புக்கொள்கிறது. அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைப்பது தூக்குக் கயிறு.

இப்படித்தான் ஒரு வழக்கம் ஊன்றிப்போனது. காட்டலாம், ஆனால் கடைசி ரீலில் ஆள் செத்துவிட வேண்டும். இல்லையென்றால் திருந்த வேண்டும், பைத்தியம் பிடிக்க வேண்டும். பழைய படங்களை வரிசையாகப் பார்த்தால் பிணங்களை எண்ணி அலுத்துவிடும். ஆகவே ஒரு படம் எப்படி முடிகிறது என்பது இந்த வகையில் வெறும் கதை விஷயமாக இருப்பதில்லை. 1931இல் ஜெர்மனியில் லெயோன்டினே சாகன் எடுத்த 'மேட்ஷென் இன் யூனிஃபார்ம்' படத்தை நான் மிகவும் மதிப்பது இதனால்தான். நடிப்பவர்கள் எல்லோரும் பெண்கள். ராணுவம் போல நடக்கும் ஒரு விடுதிப் பள்ளி, அதில் தாயில்லாத மானுவேலா, அவளுக்கு ஓர் ஆசிரியை மீது காதல். பள்ளி நாடகம் முடிந்த இரவில், குடித்த பானம் தலைக்கேறி, எல்லோர் முன்னாலும் அதைக் கத்திச் சொல்லிவிடுகிறாள். தலைமையாசிரியை அவளை யாரோடும் பேசவிடாமல் ஒதுக்கி வைக்கிறார். மானுவேலா படிக்கட்டின் உச்சிக்கு ஏறிக் குதிக்கப் போகிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் அவள் பெயரைக் கூவிக்கொண்டு ஓடி வந்து பிடித்து இழுத்துக் காப்பாற்றுகிறார்கள். தலைமையாசிரியை கைத்தடியை ஊன்றிக்கொண்டு, கூனிப்போய், நடைகூடத்தில் தனியாக நடந்து போகிறார். ஹிட்லர் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு எடுத்த படம்!

முடிவைப் பற்றிய இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2018இல் கென்யாவின் வனூரி கஹியு 'ரஃபிகி' எடுத்தார். நைரோபியில் உள்ளூர்த் தேர்தலில் எதிரெதிராக நிற்கும் இரண்டு அரசியல்வாதிகளின் மகள்கள் ஒருவரையொருவர் காதலிக்கிறார்கள். பிரான்சில் நடக்கும் கான் திரைப்பட விழாவுக்குப் போன முதல் கென்யப் படம் அதுதான். சொந்த நாட்டில் தடை. முடிவில் நம்பிக்கை தெரிகிறது, அதை மாற்றச் சொன்னார்கள் என்று இயக்குநர் சொன்னார். அவர் மாற்றவில்லை, நீதிமன்றம் போனார். ஏழு நாள் மட்டும் காட்டலாம் என்று உத்தரவு வந்தது. அந்த ஏழு நாளும் நைரோபியில் கூட்டம் அலைமோதியது.

நம் நாட்டில் முதல் பெரிய ரகளை 'ஃபயர்'. தீபா மேத்தா எடுத்தது, 1996இல் முடிந்து 1998 நவம்பரில் இங்கே வெளியானது. தணிக்கைக் குழு ஒரு வெட்டும் இல்லாமல் 'ஏ' சான்றிதழ் கொடுத்திருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் சிவசேனாக்காரர்கள் மும்பையிலும் டெல்லியிலும் தியேட்டர்களை உடைத்தார்கள். படம் தணிக்கைக்குத் திரும்பப் போய், மறுபடியும் வெட்டில்லாமலே வந்தது. டெல்லியில் ஒரு கூட்டுக் குடும்பம். ஷபனா ஆஸ்மியும் நந்திதா தாஸும் ஓரகத்திகள். ஒருத்தியின் கணவன் சாமியாரின் பேச்சைக் கேட்டு பிரம்மச்சரியம் காக்கிறான். மற்றவளின் கணவனுக்கு வெளியே காதலி. கடைசியில் ஒரு காட்சி வரும். சமையலறையில் மூத்தவளின் புடவையில் தீப்பிடிக்கிறது. பக்கத்திலேயே நிற்கும் கணவன் தன் தாயைத் தூக்கிக்கொண்டு வெளியே நடக்கிறான். மனைவி எரிகிறாள், அவன் திரும்பிக்கூட வரவில்லை. படத்தை எதிர்த்தவர்கள் இரண்டு பெண்கள் முத்தமிட்டதைப் பற்றிப் பேசினார்கள். இந்தக் காட்சியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. (அவள் பிழைத்துக்கொள்கிறாள், கவலை வேண்டாம்.)

அதற்கும் முன்னால் 1971இல் பிரேம் கபூர் இயக்கிய 'பத்னாம் பஸ்தி' என்ற இந்திப் படம் ஒன்று உண்டு. பல பத்தாண்டுகள் காணாமல் போய், 2019இல் பெர்லினில் ஒரு ஆவணக் காப்பகத்தில் பிரதி கிடைத்தது. தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டிய அவசரம் புதியவருக்கு இல்லை.

'அலிகர்' வேறு ரகம். ஹன்சல் மேத்தா இயக்கி 2016இல் திரைக்கு வந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் உண்மைக் கதை. 2010 பிப்ரவரியில் கேமராவோடு அவர் வீட்டுக்குள் புகுந்து படம் பிடித்தார்கள். பல்கலைக்கழகம் அவரையே இடைநீக்கம் செய்தது. ஏப்ரல் முதல் நாள் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் உத்தரவிட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் அவர் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வருடத்தைக் கவனியுங்கள்: 2009 தீர்ப்புக்குப் பிறகு. சட்டப்படி அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அது போதவில்லை. மனோஜ் பாஜ்பாயி இரவில் தனியாக உட்கார்ந்து, கையில் கோப்பையோடு, லதா மங்கேஷ்கர் பாட்டைக் கேட்டுத் தானும் முணுமுணுக்கும் காட்சியை நான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் அலுக்காது. பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒரு வயசான ஆள் பாட்டுக் கேட்கிறார், கண்ணை மூடுகிறார், விரல் தாளம் போடுகிறது. நிமிடக் கணக்கில் கேமரா அசையாமல் அவரையே பார்க்கும். யாரைப் பற்றி ஊரே பேசிச் சிரித்ததோ அந்த ஆள் தனிமையில் எப்படி இருப்பார் என்று வேறு யாரும் நமக்குக் காட்டியதில்லை.

இதுவரை சொன்னதில் சட்டமும் தணிக்கையும்தான் அதிகம். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களிடம் நான் முதலில் சொல்வது வேறு: இவற்றைக் கல்யாணக் கதைகளாகப் பாருங்கள். ஒருவருக்கு யார் மீது ஈர்ப்பு என்பதை வீடு கேட்பதில்லை, ஜாதகத்தைத்தான் கேட்கிறது. அப்புறம் இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து அந்தப் பொய்க்குள் உட்கார வைக்கிறது. இந்த வகையின் நல்ல படங்கள் பலவும் அந்தப் பிள்ளையையும் மறக்காதவை.

'புரோக்பேக் மவுண்டன்' எல்லோரும் கேள்விப்பட்ட பெயர். ஆங் லீ இயக்கி 2005இல் வந்தது, இயக்கத்துக்கான ஆஸ்கர் உட்பட மூன்று வாங்கியது. 1963 கோடையில் அமெரிக்க மலைக்காட்டில் ஆடு மேய்க்கப் போகும் இரண்டு இளைஞர்கள், பிறகு வெவ்வேறு ஊரில் கல்யாணம், குழந்தை. வருடத்தில் சில நாள் மட்டும் மீன் பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுச் சந்திப்பார்கள். அவர்களில் ஒருவனான என்னிஸின் மனைவிக்குச் சந்தேகம். மீன்பிடிக் கூடையின் தூண்டில் கயிற்று நுனியில் ஒரு சீட்டுக் கட்டி வைக்கிறாள், வீட்டுக்கு மீன் கொண்டுவா என்று எழுதி. அவன் திரும்பி வந்த பிறகு திறந்து பார்த்தால், சீட்டு கட்டியபடியே இருக்கிறது. அந்தக் கயிறு தண்ணீரைத் தொட்டதே இல்லை. விவாகரத்துக்குப் பிறகு ஒரு நாள் அடுப்படியில் வைத்து அவள் அதைச் சொல்லும்போது, படத்தின் பாதி பாரம் அவள் தோளில்தான் இருந்திருக்கிறது என்று புரியும்.

அதே ஆங் லீ 1993இல் 'தி வெட்டிங் பேங்க்வெட்' என்று ஒரு நகைச்சுவை எடுத்திருக்கிறார். நியூயார்க்கில் காதலனோடு வாழும் தைவான் இளைஞன், பெற்றோரைத் திருப்திப்படுத்த ஒரு பெண்ணோடு பொய்க் கல்யாணம் செய்கிறான். பெற்றோர் விமானம் ஏறி வந்து பெரிய விருந்தே வைத்துவிடுகிறார்கள். அப்பா கமுக்கமான ஆள். எல்லாம் தெரிந்துகொண்டு, மகனின் காதலனிடம் மட்டும் தனியாகச் சொல்லி, கையில் காசு உறையைக் கொடுப்பார். 2022இல் இந்தியில் வந்த 'பதாய் தோ' இந்தப் பொய்க் கல்யாணத்தையே நம்மூர் மாதிரி வைத்துக்கொள்கிறது: போலீஸ்காரனுக்கு ஆண் மீது, பி.டி. டீச்சருக்குப் பெண் மீது ஈர்ப்பு, இருவரும் வீட்டுத் தொல்லை தாங்காமல் ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறார்கள். கல்யாணம் ஆனதும் தொல்லை தீர்கிறதா? அடுத்த கேள்வி வருகிறது: விசேஷம் ஏதும் இல்லையா?

2023 நவம்பரில் வந்த 'காதல் தி கோர்' இந்த வரிசையின் உச்சம். இயக்கியவர் ஜியோ பேபி; தயாரித்து நடித்தவர் மம்மூட்டி. கேரளத்தில் ஒரு சின்ன ஊர், பஞ்சாயத்து இடைத்தேர்தல், வேட்பாளர் மேத்யூ. மனுத் தாக்கல் சமயத்தில் மனைவி ஓமனா விவாகரத்துக் கேட்டு வழக்குப் போடுகிறாள். இருபது வருட இல்லறம். ஜோதிகாதான் ஓமனா. வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம். ஜோதிகாவுக்காக உட்கார்ந்த அம்மா, விஷயம் புரிந்ததும் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பாதியில் சொன்னது ஒன்றே ஒன்று: "இருபது வருசம் அந்தப் பொண்ணு யார்கிட்ட சொல்லிருப்பா?" விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார். நீதிமன்றத்தில் மேத்யூவின் வயதான அப்பா சாட்சி சொல்லும் இடம்தான் படத்தின் மையம். மகனைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பிப் பண்ணிவைத்தவர் அவர். நம் ஊரில் இந்த வைத்தியத்தை எத்தனை வியாதிக்கு எழுதிக்கொடுக்கிறார்கள்! குடிக்கும் மகனுக்கு, ஊர்சுற்றும் மகனுக்கு, மனநலம் சரியில்லாத மகனுக்கு. மருந்தாகப் போகிற பெண்ணை யாரும் கேட்பதில்லை.

2025இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் உலக சினிமாப் பிரிவின் பெரிய பரிசை வாங்கியது 'சாபர் போண்டா', மராத்திப் படம், இயக்கம் ரோஹன் கனவடே. அப்பா இறந்து, பத்து நாள் துக்கத்துக்காக மும்பையிலிருந்து கிராமத்துக்கு வரும் ஆனந்த், அங்கே பழைய சிநேகிதனான ஒரு விவசாயியை மறுபடி சந்திக்கிறான். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஆளாளுக்குக் கல்யாணப் பேச்சை எடுக்கிறார்கள். அம்மாவுக்கு மகனைத் தெரியும். தலைப்பில் உள்ள பழம் நம்ம சப்பாத்திக்கள்ளிப் பழம்தான். அரூர்ப் பக்கம், பென்னாகரம் பக்கம் வேலியோரத்தில் முள்ளைத் தேய்த்துவிட்டு நாக்குச் சிவக்கத் தின்றவர்களுக்கு அந்தக் காட்சி வரும்போது எச்சில் ஊறும். நகரத்துக்குப் போய்த்தான் இப்படி ஆகிவிட்டான் என்கிற பேச்சை இந்தப் படம் சத்தமில்லாமல் உடைக்கிறது. காதலன் கிராமத்திலேயே இருக்கிறவன், ஆடு மாடோடு.

கல்யாணம் என்று பேச்செடுத்தால் எங்கள் மாவட்டத்தில் 2012 நவம்பரைத் தாண்டிப் போக முடியாது. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியும் அடுத்திருந்த காலனிகளும் எரிந்தன. ஆணும் பெண்ணும் காதலித்ததற்கே அந்தக் கதி. பா. இரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) முக்கியமாவது இங்கேதான். புதுச்சேரியில் ஒரு நாடகக் குழு காதலைப் பற்றி நாடகம் போடத் தயாராகிறது. குழுவில் ஆண் ஜோடி, பெண் ஜோடி, திருநங்கை எல்லோரும் உண்டு; ஆணவக் கொலைகளைப் பற்றிய விவாதமும் அதே அறையில் நடக்கிறது. படம் கொஞ்சம் அதிகமாகவே பேசுகிறது என்பது என் கருத்து. ஆனாலும் இரண்டு விஷயத்தையும் ஒரே பாயில் உட்காரவைத்த தமிழ்ப் படம் வேறு எது? மாலினி ஜீவரத்தினத்தின் ஆவணப்படம் 'லேடீஸ் அண்ட் ஜென்டில்விமன்' தமிழ்ப் பெண்களின் தன்பாலீர்ப்பை நேரடியாகப் பேசியது. 'பாவக் கதைகள்' தொகுப்பில் விக்னேஷ் சிவனின் பகுதி தொட்டுவிட்டு ஓடியது.

ஈழத்துப் பின்னணியில் 'ஃபன்னி பாய்' (2020) உண்டு. ஷியாம் செல்வதுரையின் நாவல், இயக்கம் மறுபடியும் தீபா மேத்தா. கொழும்பில் வளரும் தமிழ்ச் சிறுவன் ஒருவனின் ஆசையும், 1983 கறுப்பு ஜூலையும். ஆனால் தமிழ்க் குடும்பமாக நடித்தவர்களில் பலருக்குத் தமிழ் வாயில் நுழையவில்லை என்று புலம்பெயர்ந்த தமிழர்கள் கடுமையாகக் கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். ஒரு சிறுபான்மையின் கதையைச் சொல்லும்போது இன்னொன்றைக் கைவிட்டால் காது உறுத்தத்தான் செய்யும்.

பெண்-பெண் காதல் படங்களில் கவனிக்க வேண்டியது ஒன்று தனியாக இருக்கிறது: யார் பார்க்கிறார்கள்? 2013இல் கான் விழாவின் உயர்ந்த பரிசான தங்கப் பனையை வாங்கிய 'ப்ளூ இஸ் தி வார்மஸ்ட் கலர்' படத்தில் நீண்ட படுக்கையறைக் காட்சிகள் உண்டு. இயக்குநர் ஆண். நடித்த இரு பெண்களும் படப்பிடிப்பில் பட்ட பாட்டைப் பிறகு வெளிப்படையாகச் சொன்னார்கள். மூலக் கதையை வரைந்தவரும் அந்தக் காட்சிகளை ஏற்கவில்லை. 2019இல் செலின் சியாமா எடுத்த 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்' படத்தை அடுத்து போட்டுப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸ், கடலோர மாளிகை. மிலானில் இருக்கும் மாப்பிள்ளைக்கு அனுப்ப, பெண்ணுக்கே தெரியாமல் அவளை வரைய ஒரு பெண் ஓவியரை அமர்த்துகிறாள் தாய். பகலில் கூடவே நடந்து காதை, கையை, கழுத்தை ஓரக்கண்ணால் மனப்பாடம் செய்து, இரவில் வரைகிறாள். பிறகு ஒரு கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் திருப்பிக் கேட்கிறாள்: நீ என்னைப் பார்க்கும்போது நான் யாரைப் பார்க்கிறேன் என்று நினைக்கிறாய்? இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கே இருக்கிறது. ஆண் எடுத்தால் தப்பு, பெண் எடுத்தால் சரி என்று சட்டம் போட வரவில்லை. ஆங் லீயும் ஜியோ பேபியும் ஆண்கள்தான்.

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு படத்தைத் தவறவிடக் கூடாது. 'ஃபேர்வெல் மை கான்குபைன்', சீனா, 1993, சென் கைகே. பெய்ஜிங் இசை நாடகத்தில் பெண் வேடம் கட்டவே அடித்து வளர்க்கப்பட்ட ஒரு சிறுவன், ராஜா வேடம் கட்டும் தன் கூட்டாளியை மேடைக்கு வெளியேயும் நேசிக்கிறான். நம் பாரதக் கூத்தில் விடிய விடிய திரௌபதி வேடம் கட்டும் ஆண், காலையில் அரிதாரம் கலைத்துவிட்டு ஏர் ஓட்டப் போய்விடுகிறார். இந்தப் படத்தில் அரிதாரம் கலையவே இல்லை. ஜப்பானியப் படையெடுப்பு, புரட்சி, கலாச்சாரப் புரட்சி என்று ஐம்பது வருட வரலாறு அதன் மேலேயே நடந்து போகிறது. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

'மூன்லைட்' (2016) பற்றிச் சுருக்கமாக: மயாமியின் ஏழைக் கறுப்பினக் குடியிருப்பில் ஒரு பையன், அவனுடைய மூன்று பருவங்களுக்கு மூன்று நடிகர்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர், அதுவும் மேடையில் தப்பான உறையைப் பிரித்து வேறு படத்தை அறிவித்த கூத்துக்குப் பிறகு.

இனி பார்க்கும் வழி. எங்கள் ஊர்த் தியேட்டர்களில் இவை வராது; ஓசூரில் கன்னடம், தெலுங்குவரைதான் வரும். பெங்களூருவிலும் சென்னையிலும் இதற்கென்றே திரைப்பட விழாக்கள் நடக்கின்றன. கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் பெங்களூரு பக்கம்தான், போய்வந்துவிடலாம். மற்றபடி ஓடிடி. எந்தப் படம் எந்தத் தளத்தில் என்பது மாறிக்கொண்டே இருக்கும், பெயரைப் போட்டுத் தேடிக்கொள்ளுங்கள். சில மலையாள, இந்திப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைக்காது, ஆங்கிலத்தில் சமாளிக்க வேண்டும். 'காதல்' குடும்பத்தோடு பார்க்கலாம், மலையாளம் நம் காதுக்குப் பாதி புரிந்துவிடும். அடுத்து 'பதாய் தோ'வில் கொஞ்சம் சிரியுங்கள், பிறகு 'அலிகர்', 'சாபர் போண்டா'. வெளிநாட்டில் 'தி வெட்டிங் பேங்க்வெட்' லேசானது. 'புரோக்பேக்', 'மூன்லைட்', 'போர்ட்ரெய்ட்' மூன்றும் வயதுவந்தவர்களுக்கானவை. 'ப்ளூ'வை ஹாலில் போட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட வேண்டாம். மௌனப் படம் கடைசியில் போதும்.

இன்னும் ஒன்று. உங்கள் சிநேகிதனோ, சித்தி மகளோ இப்படி ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னால், "ஏன், நீ அப்படியா?" என்று கேட்காதீர்கள். சும்மா சினிமா பைத்தியமாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். அதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவர்கள் தீர்மானிக்க வேண்டியது. படத்தைப் பார்த்துவிட்டு, படத்தைப் பற்றிப் பேசுங்கள்.